ஏப்ரலுக்குள் மாடி காலியாகுமா? கொடைக்கானல் வீட்டுக்காரருக்கு முன்னால் இருக்கும் வழிகள்

பிப்ரவரி பிறந்தால் கொடைக்கானலில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு காய்ச்சல் வரும். உறைபனி விலகி வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். ஏழு ரோடு சந்திப்பில் பார்க்கிற புரோக்கர், "மாடி சீசனுக்குக் காலியாகுமா அண்ணே?" என்பார். மாதம் 9,000 ரூபாய்க்கு விட்டிருக்கும் வீடு, மலர்க் கண்காட்சி வாரத்தில் ஒரு நாளைக்கே 3,000 தரும் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அன்று இரவே நம் கணக்கு மாறிவிடும். நேற்றுவரை 'நல்ல குடும்பம், சத்தம் வராது' என்று நாமே புகழ்ந்தவர்கள் மறுநாள் காலையில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவர்களாகத் தெரிவார்கள்.

எனக்கும் அந்தக் காய்ச்சல் வந்தது. நாயுடுபுரத்தில் அப்பா கட்டிய வீடு. கீழே நாங்கள், மேலே வாடகைக்கு. மேலே இருந்தவர் மூன்று மாதம் வாடகை தரவில்லை. அதே வருடம் என் சித்தப்பா மகனுக்கும் ஒரு சிக்கல். வில்பட்டி ஊராட்சியில் அவனுக்கு ஒரு வீடு. அங்கே குடியிருந்தவர் வாடகையை நாள் தவறாமல் கொடுத்தார், ஆனால் மகளைக் குடிவைக்க வேண்டும் என்று இவன் கேட்டபோது அசையவில்லை. இரண்டு வீட்டுக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். இருவரும் ஒரே வாரத்தில் வக்கீலைப் பார்க்கப் போனோம். திரும்பி வரும்போது இரண்டு பேர் கையிலும் இரண்டு வெவ்வேறு சட்டம் இருந்தது. இந்த ஒப்பீட்டை எழுத அதுதான் காரணம்.

வீட்டு வரி ரசீதை எடுங்கள்

வக்கீல் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, வரி எங்கே கட்டுகிறீர்கள் என்பது. எனக்கு நகராட்சி, அவனுக்கு ஊராட்சி. மீதி எல்லாம் அதிலிருந்துதான் பிரிகிறது.

1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக 2017இல் இயற்றப்பட்ட வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. இது நகர்ப்புறங்களுக்கான சட்டம். கொடைக்கானல் நகராட்சி, பண்ணைக்காடு பேரூராட்சி ஆகியவை இதற்குள் வரும். நீலகிரியில் ஊட்டி, குன்னூர், கூடலூர், நெல்லியாளம் நகராட்சிகளும் அப்படியே. கிராம ஊராட்சிக்குள் இருக்கும் வீட்டுக்கு 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம்தான் கதி. வெள்ளைக்காரன் எழுதிய பழைய சட்டம் என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். சில இடங்களில் வீட்டுக்காரருக்கு அதுவே வசதி.

நகராட்சிக்குள் இருப்பவர் காலி செய்யச் சொல்ல வேண்டுமென்றால் காரணம் வேண்டும். சட்டம் பட்டியலிட்ட காரணங்களில் ஒன்றாக அது இருக்க வேண்டும். அதை வாடகை நீதிமன்றத்தில் நிரூபிக்கவும் வேண்டும். ஆனால் அந்த நீதிமன்றம் இதற்கென்றே ஏற்பட்டது, நடைமுறை சுருக்கம். ஊராட்சியில் இருப்பவருக்குக் காரணமே தேவையில்லை. மாத வாடகை என்றால் 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் நோட்டீஸ் அனுப்பினால் வாடகை உறவு முடிந்துவிடும். 2003இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அந்த 15 நாளில் ஒன்றிரண்டு குறைந்தாலும், 15 நாள் கழிந்த பிறகே வழக்குப் போட்டிருந்தால் நோட்டீஸ் செல்லாது என்று தள்ள முடியாது. கேட்க இனிமையாக இருக்கிறது. அதற்குப் பிறகு போக வேண்டியது உரிமையியல் நீதிமன்றம் என்பதில்தான் இனிப்பு தீர்ந்துவிடுகிறது. ஓர் இடத்தில் காரணம் கேட்கிறார்கள், இன்னோர் இடத்தில் காலம் கேட்கிறார்கள்.

இரண்டுக்கும் வெளியே நிற்பவையும் உண்டு. ஊட்டி மார்க்கெட்டின் நகராட்சிக் கடைகள் போல உள்ளாட்சிக்குச் சொந்தமானவை, தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகள் போல வேலையோடு சேர்த்துக் கொடுத்தவை ஆகியவற்றுக்கு இந்த வாடகைச் சட்டம் பொருந்தாது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பூட்டு மாற்றுவது

இது ஒரு வழியே அல்ல. ஆனாலும் ஊரில் பத்துப் பேரிடம் யோசனை கேட்டால் ஆறு பேர் இதைத்தான் முதலில் சொல்வார்கள். ஊருக்குப் போயிருக்கும்போது பூட்டை மாற்று, மோட்டாரை நிறுத்து, ஃபியூஸைப் பிடுங்கு, நாலு நாளில் தானாகக் கிளம்பிவிடுவான் என்பார்கள். கோடையில் தண்ணீர் லாரியை எதிர்பார்த்துக் கிடக்கும் ஊரில் மோட்டாரை நிறுத்துவது எத்தனை பெரிய ஆயுதம் என்பது அவர்களுக்கும் தெரியும், சட்டம் எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. தண்ணீர், மின்சாரம், வழி, கழிவுநீர் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் தடுக்கக் கூடாது என்று 2017 சட்டம் தெளிவாகச் சொல்கிறது. குடியிருப்பவர், இச்சட்டப்படி இதற்கென நியமிக்கப்படும் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்தால், விசாரணை முடிவதற்கு முன்பே வசதியைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வரலாம்.

பூட்டு மாற்றுவது அதைவிட மோசம். 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 6ஆவது பிரிவு, சட்ட வழி இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பப் பெறலாம் என்கிறது. அந்த வழக்கில் வீடு யாருடையது என்ற கேள்வியே எழாது. பத்திரம், பட்டா, வரி ரசீது எல்லாவற்றையும் மேசையில் அடுக்கினாலும், கடைசியாக யார் குடியிருந்தார், எப்படி வெளியே போனார் என்பதை மட்டுமே பார்ப்பார்கள். வாடகைப் பாக்கி வைத்தவரை ஒரே இரவில் பாதிக்கப்பட்டவராக மாற்றும் வித்தை இது. காவல் நிலையத்துக்குப் போய் 'காலி செய்யச் சொல்லுங்கள் சார்' என்பதும் இதே வகைதான். காலி செய்ய வைக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

வாடகை நீதிமன்றம்: எந்தக் காரணம் நிற்கும்?

நகராட்சி, பேரூராட்சிக்காரர்களுக்கான பகுதி இது. மலையில் அடிக்கடி எழும் காரணங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது வாடகைப் பாக்கி. இரண்டு மாத வாடகை நிலுவையில் இருந்தால், கேட்பு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கட்டிவிட்டால் அந்தக் காரணம் போய்விடும். கட்டாவிட்டால் வழக்கு நிற்கும். இங்கே ஒரு சின்னக் கணக்கைக் கவனியுங்கள். இருவரும் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை, சட்டப்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டு மாதப் பாக்கி, நோட்டீஸுக்கு ஒரு மாதம் என்று மூன்று மாதம் ஓடியிருக்கும்போது கையில் இருக்கும் அட்வான்ஸும் மூன்று மாதம்தான். அதாவது, இரண்டாவது மாதம் தவறிய அன்றே நோட்டீஸ் எழுதாதவர், வழக்குப் போடும் நாளில் தன் பணத்தில் நிற்கிறார். நான் அப்படித்தான் நின்றேன். 'அடுத்த வாரம் தருகிறேன் அண்ணா' என்பதை மூன்று மாதம் கேட்டேன். கடைசியில், "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்றார். கயிறு அவர் கைக்குப் போய்விட்டது.

இரண்டாவது காரணம், கீழ்நாட்டு வீட்டுக்காரர்கள் அவ்வளவாகப் பார்த்திராதது. உங்கள் வாடகைக்காரரே உங்கள் வீட்டை காட்டேஜ் ஆக்கிவிடுவார். மாத வாடகைக்கு எடுத்து, இரண்டு கட்டில், ஒரு ஹீட்டர் வாங்கிப் போட்டு, செல்போன் செயலியில் படம் ஏற்றிவிட்டால் போதும். வெள்ளிக்கிழமை இரவு மதுரைப் பதிவு எண் வண்டி உங்கள் கேட்டில் நிற்கும். ஏன் என்று கேட்டால், "சொந்தக்காரர்கள்" என்பார். ஒவ்வொரு வாரமும் வேறு வேறு சொந்தக்காரர்கள். எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் வீட்டை அடுத்தவருக்கு விடுவதும், வேறு பயன்பாட்டை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுத்த பிறகும் தொடர்வதும் காலி செய்வதற்கான காரணங்கள். இதில் அக்கறையாக இருக்க வேண்டியது வாடகைக்காகக் கூட அல்ல. அனுமதியில்லாத விடுதி என்று அதிகாரிகள் வந்தால் சீல் விழுவது உங்கள் கதவில். படத்தையும் தேதியையும் எடுத்து வைத்துக்கொண்டு, முதல் மாதத்திலேயே பதிவுத் தபாலில் எழுதுங்கள். வீட்டுக்குள் பார்க்க வேண்டுமென்றால் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போய்க் கதவைத் தட்டினால் குற்றம் உங்கள் பக்கம் திரும்பும்.

மூன்றாவது சொந்தத் தேவை. உங்களுக்கோ குடும்பத்துக்கோ குடியிருக்க வேண்டும் என்பது நல்ல காரணம். ஆனால் சீசனுக்கு நாள் வாடகை விடுவது குடியிருப்பு ஆகாது. மகன் வருகிறான் என்று மனுவில் எழுதிவிட்டு மே மாதம் வாசலில் 'ரூம் உண்டு' என்று பலகை வைத்தால், பக்கத்து வீட்டுக்காரரே படம் எடுத்து அனுப்பிவிடுவார். மலையூரில் ரகசியம் தங்காது.

நான்காவது பழுது. காலி செய்யாமல் செய்ய முடியாத அளவுக்குப் பழுது அல்லது மறுகட்டுமானம் என்றால் கேட்கலாம். சரிவில் கட்டிய வீட்டுக்கு இது சாதாரண விஷயமல்ல. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையும் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட மண்சரிவுகளும் தடுப்புச்சுவர் என்றால் என்ன என்பதை ஊருக்கே கற்றுக்கொடுத்தன. பின்சுவர் வெடித்திருந்தால் பொறியாளர் ஒருவரை வைத்து எழுதி வாங்குங்கள். சுண்ணாம்பு அடிப்பதற்காக வீட்டைக் காலி செய்யச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

2019க்கு முன்பிருந்தே எழுத்தில் எதுவும் இல்லாமல் குடியிருப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களோடு புதிதாக ஒப்பந்தம் எழுதிக்கொள்ளச் சட்டம் கால அவகாசம் கொடுத்தது. அப்படி எழுதிக்கொள்ளத் தவறியதே ஒரு காரணமாகச் சட்டத்தில் இருக்கிறது. பல வீட்டுக்காரர்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டு போகிறார்கள். இருபது வருடம் வாய்ச்சொல்லில் இருந்த உறவைத் தாளில்லை என்று முறிப்பது எனக்குச் சற்று உறுத்தும், அது வேறு விஷயம்.

வாடகை உறவு முடிந்த பிறகும் நகராமல் இருப்பவரிடம் இரட்டிப்பு வாடகை கேட்கவும் இச்சட்டத்தில் இடம் உண்டு. வரும் பணத்தைவிட, பேச்சுவார்த்தையில் நினைவூட்ட அது உதவும்.

உரிமையியல் வழக்கு: சித்தப்பா மகன் போன வழி

அவன் 15 நாள் நோட்டீஸ் கொடுத்தான். எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. நோட்டீஸ் காலம் முடிந்த மறுமாதமும் ஐந்தாம் தேதி கூகுள் பே வழியாக வாடகை வந்து விழுந்தது. இவனும் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தான். பணம்தானே, வந்தால் நல்லது என்ற நினைப்பு. சொத்து மாற்றுச் சட்டத்தின் 113ஆவது பிரிவுப்படி, நோட்டீஸுக்குப் பிந்தைய காலத்துக்கு வாடகையை வாடகையாகவே வாங்கினால், நோட்டீஸைக் கைவிட்டதாக எதிர்தரப்பு வாதாடலாம். வாதாடினார்கள். அந்தக் காலத்தில் பணத்தை மறுக்க வேண்டுமென்றால் கையை நீட்டாமல் இருந்தால் போதும். இப்போது நம் அனுமதி கேட்காமலே அது கணக்கில் ஏறிவிடுகிறது. வந்த அன்றே, 'இது வாடகையாக அல்ல, இடத்தைப் பயன்படுத்தியதற்கான இழப்பீடாகவே பெற்றுக்கொள்ளப்படுகிறது' என்று எழுத்தில் பதில் அனுப்பியிருக்க வேண்டும். செலவு ஒரு தபால் தலை. அதைச் செய்யாததால் அவன் புதிதாக நோட்டீஸ் கொடுத்துத் திரும்பத் தொடங்கினான்.

காரணம் சொல்லத் தேவையில்லை என்ற வசதிக்கு விலை காலம்தான் என்று முன்பே சொன்னேன். முன்சீப் நீதிமன்றம், மேல்முறையீடு, அதற்கு மேலே போனால் நமக்கு மதுரைக் கிளை, நீலகிரிக்காரர்களுக்குச் சென்னை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வக்கீல் மலை ஏறி வர வேண்டும். இதோடு மலைக்காரர்கள் மறந்துவிடும் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மே மாதம் உரிமையியல் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை. நமக்கு வீடு தேவைப்படும் மாதமும் நீதிமன்றம் மூடியிருக்கும் மாதமும் ஒன்றேதான். பிப்ரவரியில் காய்ச்சல் வந்து மார்ச்சில் வழக்குப் போட்டு மேயில் வீட்டை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் வழக்காடியவராக இருக்க முடியாது.

பேசி முடிப்பது: நான் போன வழி

எனக்குப் பேசுவது பிடிக்காது. பாக்கி வைத்தவரிடம் நானே போய்ப் பேச வேண்டுமா என்ற வீம்பும் இருந்தது. வக்கீல் ஒரு கேள்வி கேட்டார்: "அவர் போகாததற்குக் காரணம் பணமா, பிடிவாதமா, போக இடம் இல்லாததா?" எனக்குத் தெரியவில்லை. விசாரித்தேன். மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. ஆனால் பெரியது மூன்றாவது. பிப்ரவரி முதல் மே வரை இந்த ஊரில் மாத வாடகைக்கு வீடு கிடைக்காது. எல்லா வீட்டுக்காரர்களுக்கும் ஒரே சமயத்தில் அதே காய்ச்சல்தானே? நாம் எல்லோரும் சேர்ந்து வீட்டையெல்லாம் சீசனுக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, 'ஏன் காலி செய்ய மாட்டேன் என்கிறான்?' என்று கேட்கிறோம். கூடவே அவர் பெண்ணுக்கு ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு. எந்தத் தகப்பன் மார்ச்சில் சாமான் கட்டுவான்?

கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன். தேர்வு முடியும்வரை காத்திருந்தால் சீசனின் முதல் பாதி போகும். வழக்கு என்றால் இந்த சீசன் முழுவதும் போகும், ஒருவேளை அடுத்ததும். பாக்கி 27,000, என்னிடம் இருந்த அட்வான்ஸும் 27,000. அதைச் சரிக்குச் சரி கழித்துக்கொள்வது, இனி இருக்கும் நாட்களுக்கு வாடகை கேட்பதில்லை, சாமான் ஏற்றும் வண்டி வாடகையில் பாதி என்னுடையது, ஏப்ரல் 30 மாலை சாவி. அட்டுவம்பட்டிப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் வீட்டையும் நானே பேசிக் கொடுத்தேன். வண்டி வாடகையையும் நான் கொடுக்க வேண்டுமா என்று என் மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் வக்கீல் கட்டணத்தையும் போகும் சீசனையும் பக்கத்தில் வைத்தால் இது மலிவு.

பேச்சு பேச்சாகவே இருந்தால் அது ஏப்ரல் 30 அன்று காற்றில் போய்விடும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். வெறும் தாளில் கையெழுத்து வாங்கினால், அவர் மீறினால் நீங்கள் மறுபடி வழக்குத்தான் போட வேண்டும். நாங்கள் வழக்குக்கு முந்தைய சமரசமாக, நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொண்டோம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, அங்கே எழுதப்படும் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. மீறினால் நேரே நிறைவேற்று மனுதான். கட்டணமும் இல்லை. இரு பக்கமும் உட்கார்ந்து ஒப்புக்கொள்ளாவிட்டால் இந்த வழி திறக்காது என்பது மட்டுமே இதன் குறை. குடியிருப்பவர் ஏமாற்றுப் பேர்வழி, உங்கள் வீட்டை விடுதியாக்கிச் சம்பாதிப்பவர் என்றால் இதில் நாளைக் கழிக்காதீர்கள். நோட்டீஸை அனுப்பிவிட்டு நீதிமன்றத்துக்குப் போங்கள்.

அடுத்த முறை யாருக்கு, எப்படி விடுவது?

மாடி காலியான பிறகு மூன்று யோசனைகள் வந்தன. புரோக்கர் நாள் வாடகை என்றார். மச்சான் ஒத்திக்கு விடு என்றான். வக்கீல் ஒழுங்காக ஒப்பந்தம் எழுதுங்கள் என்றார்.

ஒத்தி கேட்க நன்றாக இருக்கும். மொத்தமாக ஒரு தொகை. வாடகையும் இல்லை, வட்டியும் இல்லை. போகும்போது தொகையைத் திருப்ப வேண்டும். ஊர்ப்பேச்சில் 'லீசு' என்றாலும், எழுதும் விதத்தைப் பொறுத்து அது சட்டத்தின் கண்ணில் அனுபவ அடமானம் ஆகிவிடும். பணம் திரும்பும்வரை வீடு அவரிடம் இருக்கும் என்பதே அதன் சாரம். 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள இப்படியான அடமானத்தைப் பதிவு செய்தாக வேண்டும். நம் ஊரில் முத்திரைத்தாளில் எழுதிப் பெட்டியில் வைப்பதோடு சரி. ஒத்திக்காரரைக் காலி செய்ய வைக்க ஒரே வழி, பணத்தை எண்ணி வைப்பது. அந்தப் பணம் எங்கே? பெரும்பாலும் மேலே இன்னொரு தளமாக நிற்கும், அதுவும் மலைக் கட்டட விதிகளின் உயர வரம்பை மீறி. வங்கியில் தொடாமல் வைக்கும் மன உறுதி உள்ளவருக்கே ஒத்தி சரி. எனக்கு அந்த உறுதி கிடையாது என்று எனக்கே தெரியும்.

நாள் வாடகையில் காலி செய்ய வைக்கும் தொல்லையே இல்லை. வந்தவர் ஞாயிற்றுக்கிழமை போய்விடுவார். ஆனால் அது வாடகைச் சட்டத்திலிருந்து தப்பித்து வேறு நான்கு சட்டங்களுக்குள் போவது. எங்கே எதைக் கட்டலாம் என்று வகுக்கும் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) கொடைக்கானலுக்கு 1993இலேயே வந்துவிட்டது. குடியிருப்பு என்று ஒப்புதல் வாங்கிய கட்டடத்தில் விடுதி நடத்தியவர்கள், உயர் நீதிமன்ற உத்தரவுகளுக்குப் பிறகு சீல் வைப்பதை நேரில் பார்த்தார்கள். மின்சாரம் வணிகக் கட்டணத்துக்கு மாறும். வெளிநாட்டவர் தங்கினால் அந்த விவரத்தை அதிகாரிகளுக்குப் படிவத்தில் அனுப்ப வேண்டும். வருமானமும் இப்போது நம் கையில் மட்டும் இல்லை. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் உயர் நீதிமன்றம் வண்டிகளுக்கு எண்ணிக்கை வரம்பே வைத்தது: கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000, நீலகிரிக்கு 6,000, 8,000. புரோக்கர் சொல்லும் 3,000 ரூபாய் இந்த எண்களுக்கு முந்தைய கணக்கு.

இடையில் ஒருவர் மும்பை மாதிரி 'அனுமதி ஒப்பந்தம்' (லீவ் அண்ட் லைசென்ஸ்) எழுதினால் குடியிருப்பவருக்கு வாடகைதாரர் உரிமையே வராது என்று ஒரு தாளைக் கொண்டுவந்தார். தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நீதிமன்றம் பார்ப்பதில்லை. டில்லி இம்பீரியல் ஹோட்டலில் முடிதிருத்தும் நிலையம் நடத்தியவர் தொடர்பான வழக்கில் 1959இலேயே நீதிபதி சுப்பா ராவ் இதைச் சொல்லிவிட்டார்: தாளின் பெயர் முக்கியமல்ல, சாரமே முக்கியம், இடம் முழுவதும் அவர் தனி அனுபவத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தனிச் சாவி, தனி மீட்டர், தனி வாசல் கொடுத்துவிட்டு 'வாடகை இல்லை, அனுமதிதான்' என்றால் யார் ஏற்பார்?

ஆகவே வக்கீல் சொன்ன வழியே போனேன். எழுதிய ஒப்பந்தம் எல்லோரிடமும் இருக்கிறது. அதை வாடகை அதிகாரியிடம் பதிந்திருப்பவர்கள் மிகக் குறைவு. முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் முத்திரை வாங்குவது அந்தப் பதிவு ஆகாது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரி வாடகை அதிகாரியாக இருப்பார். அரசின் வாடகைப் பதிவு இணையதளம் வழியாகவே விண்ணப்பித்துப் பதிவு எண் வாங்கலாம். பதியாத ஒப்பந்தத்தை நாளைக்குச் சாட்சியமாக நீட்ட முடியாது. 11 மாதத்துக்கு எழுதுவது சார்பதிவாளர் அலுவலகப் பதிவைத் தவிர்க்கத்தான். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு அந்தப் பதிவு கட்டாயம். வாடகை அதிகாரியிடம் பதிவதற்கு இந்த 11 மாதக் கணக்கு விலக்குத் தராது. இரண்டும் வேறு வேறு அலுவலகம், வேறு வேறு சட்டம்; இதைக் குழப்பிக்கொள்ளாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

அந்த 11 மாதத்தை மலைக்குப் பொருத்தமாக நான் வளைத்துக்கொண்டேன். ஜூன் 1 முதல் ஏப்ரல் 30 வரை. பள்ளிக்கூட ஆண்டோடு அது பொருந்தும். பிள்ளையின் தேர்வு முடிந்திருக்கும். தொடர விரும்பினால் மேயில் உட்கார்ந்து புதிதாக எழுதிக்கொள்ளலாம். தேதி முடிந்தது என்பதற்காக யாரும் தானாக எழுந்து போய்விட மாட்டார்கள்தான். ஆனாலும் போக வேண்டிய தேதி, போக முடிந்த தேதியாக இருந்தால் சண்டைக்குப் பாதிக் காரணம் குறைகிறது. கூடவே மூன்று வரி எழுதச் சொன்னேன்: நாள் வாடகைக்கு விடக் கூடாது, இரண்டு மாதம் தவறினால் நோட்டீஸ், நோட்டீஸ் அனுப்பப் போகும் முகவரி இதுதான்.

கூடலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜன்மிகள் எனப்பட்ட பெருநிலக்காரர்களின் உரிமையை ஒழித்த 1969ஆம் ஆண்டின் ஜன்ம ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகும் பட்டா கிடைக்காத இடங்களில் வீடு விட்டிருப்பவர்கள், 'பட்டாவைக் காட்டு' என்று வாடகைக்காரர் கேட்டால் வாயடைத்துப் போகிறார்கள். உங்கள் கையிலிருந்து சாவி வாங்கிக் குடிவந்தவர், குடியிருந்துகொண்டே நீங்கள் உரிமையாளர் இல்லை என்று சொல்ல சாட்சியச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அரசு கேட்டால் அது வேறு கதை. அங்கே வக்கீல் இல்லாமல் ஓர் அடி கூட வைக்க வேண்டாம்.

ஏப்ரல் 30 மாலை நான்கரை மணிக்கு மேல்மாடிச் சாவி என் கைக்கு வந்தது. மின் மீட்டரைப் படம் எடுத்து, இருவரும் கையெழுத்துப் போட்டோம். அவருடைய பெண் மாடிப்படியில் வைத்திருந்த ஜெரேனியம் தொட்டிகளை எடுத்துப் போக வண்டியில் இடம் இல்லை. அவை இன்னும் அங்கேதான் இருக்கின்றன. சித்தப்பா மகனின் வழக்குக்கு அப்போது வாய்தா ஜூனில் விழுந்திருந்தது. அவன் மகளும் மருமகனும் அந்த மே மாதம் என் மாடியில்தான் தங்கினார்கள். வாடகை வாங்கவில்லை.